நடு ஆற்றில் நின்ற படகு

எல்லாரும் எழுதினதையே நானும் எழுதித் தொலைச்சிருக்கலாம். ஒரே ஒரு வரிதான். அதை மாத்தி எழுதியிருந்தா இப்போ இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்க மாட்டேன். என்ன வேணாலும் பண்ணட்டும். பரீட்சை எழுத விடாம வேணாலும் பண்ணட்டும். அம்மாவை மட்டும் கூப்பிடக் கூடாது. அந்தக் கேள்வி அம்மா காதுல விழக் கூடாது.

தலைமையாசிரியர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் இதைத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு சொல் வரவில்லை. வகுப்பில் அவளுக்குக் கிணறு என்று பெயர். எதைப் போட்டாலும் உள்ளே போகும், திரும்பி வராது என்று யாரோ வைத்தது. சுவரை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் அவள் சுவரோடு ஒட்டி உட்காரவில்லை. சுவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு சின்ன ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். பையைக்கூட அந்த இடத்தில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படி ஏறி வந்த இரண்டு பெண்களில் மூத்தவர் அந்த இடைவெளியைப் பார்த்தார். இளையவள் கதவின் மேலிருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தாள்.

இருவரும் தேர்வு முறைகேடுகளை விசாரிக்கும் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள். மூத்தவருக்கு அலுவலகத்தில் நிதானம் என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் நிதானம். இளையவளுக்கு முகத்துக்கு நேரேயே பட்டாசு. திரி கிள்ளுவதற்கு முன்பே வெடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. நமுத்துப் போகாமல் இருந்தால் சரி என்பாள்.

தலைமையாசிரியர் அவர்களை உட்கார வைத்து, விடைத்தாள் கட்டை மேசையின் நடுவில் வைத்தார். வைத்த விதத்திலேயே அது தன் மானம் என்பதுபோல இருந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு முழுப் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று சோதிக்க ஆண்டுதோறும் நடக்கும் பொது வாசிப்புத் தேர்வு அது. இந்த ஆண்டு ஒரு பெண் எழுத்தாளரின் தன்வரலாறு பாடமாக வைக்கப்பட்டிருந்தது. விடைத்தாள்கள் வேறு ஊரில் திருத்தப்பட்டன. திருத்தியவர்கள் ஒரு கேள்வியில் வந்து திகைத்து நின்று, கட்டைத் தனியே கட்டி அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி இதுதான்: தம்பி காய்ச்சலில் கிடந்த இரவு, இந்நூலாசிரியரை எவ்வாறு எழுத்தாளர் ஆக்கியது?

"ஏ பிரிவுல எல்லாரும் சரியா எழுதியிருக்காங்க" என்றார் தலைமையாசிரியர். "பி பிரிவு மொத்தமும் ஒரே தப்பை எழுதியிருக்கு. புத்தகத்துல அந்தத் தம்பி அன்னிக்கு ராத்திரி செத்துப் போறான் மேடம். இதுங்க அத்தனை பேரும் அவன் பொழைச்சுக்கிட்டான்னு எழுதி வெச்சிருக்குங்க. அணில் வருதாம். வெயில் வருதாம். தம்பி சிரிக்கிறானாம். எங்கேருந்து வந்தது இதெல்லாம்?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

கேட்டிருந்தார். புத்தகத்துலதான் சார் இருக்கு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்களாம். அந்தத் துணிச்சலில் அவருக்குக் கோபம் வந்து, புத்தகத்தை எடுத்துப்போய் அந்தப் பக்கத்தை விரித்து முன்வரிசையில் ஒருவனை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவன் மனதுக்குள் படித்தான், பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். புத்தகம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிப் பின்னால் வரை போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிரட்டியும் ஆயிற்று, நயமாகக் கேட்டும் ஆயிற்று. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும், நாங்க எல்லாரும் ஒரே கனவு கண்டுட்டோம் சார் என்றானாம். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"யாருமே சிரிக்கலையா?" என்றார் நிதானம்.

"இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

பி பிரிவில் ஒரே ஒருத்தி மட்டும் சரியாக எழுதியிருந்தாள். வாசலில் இருப்பவள். தலைமையாசிரியரின் சந்தேகமெல்லாம் அவள்மேல்தான். பிரிவுக்கு ஒருவரைத்தான் அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள். கேள்வித்தாள் எப்படியோ அவள் கைக்கு முன்னாலேயே வந்திருக்கிறது. கூட இருந்தவர்களுக்குத் தப்பான விடையைப் பரப்பிவிட்டு, தான் மட்டும் சரியானதை எழுதியிருக்கிறாள். ஊமைக் கோட்டான் என்றார். விசாரணையில் அது உறுதியானால் இந்த ஆண்டு அவள் பொதுத் தேர்வு எழுத முடியாது. அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பலாம் என்றிருந்தார். அதிகாரிகள் வரட்டும் என்று காத்திருக்கிறார்.

"இன்னும் காத்திருங்க" என்றார் நிதானம். "நான் சொல்ற வரைக்கும் அவ அம்மாவுக்கு ஆள் போக வேண்டாம்."

பக்கத்து அறையில் ஒரு மேசை ஒழித்துக் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் கொடுத்த புத்தகத்தில் நிதானம் முதலில் அந்த அத்தியாயத்தைப் படித்தார். ஆசிரியரின் அப்பாவுக்கு ஓர் அச்சகத்தில் வேலை. குடும்பம் அச்சகத்தின் பின்னால், காகிதக் கட்டுகள் அடுக்கிய அறையில் வாழ்ந்தது. ஜன்னல் இல்லாத அறை, பகலிலும் விளக்கு வேண்டும். தம்பிக்குக் காய்ச்சல். பதினான்கு வயது அக்கா அவன் தூங்காமல் தவிப்பதைப் பார்த்து ஒரு படகோட்டியின் கதையைச் சொல்கிறாள். நிறுத்தும் போதெல்லாம் அவன் 'அப்புறம்?' என்கிறான். கதை வளர்கிறது. 'படகு நடு ஆற்றில் நின்றுவிட்டது என்றேன்' என்று வலப்பக்கம் முடிகிறது. தாளைத் திருப்பினால் மேலே முதல் வரி: 'அதற்கு மேல் கேட்க அவன் இல்லை.'

நிதானம் தாளை ஒருமுறை திருப்பினார். மறுபடி பழைய பக்கத்துக்கு வந்து, மறுபடி திருப்பினார்.

பட்டாசு அதற்குள் விடைத்தாள்களை மேசை முழுக்கப் பரப்பிவிட்டிருந்தாள். யாரோ டியூஷன்காரர் விற்ற நோட்ஸ்தான் இது என்பது அவளுடைய முதல் முடிவு. புத்தகத்தைப் படிக்காத ஒருவன் காசுக்காகக் கதை விட்டிருப்பான், பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

"மனப்பாடம் பண்ணினா வார்த்தை ஒண்ணா இருக்கணுமே" என்றார் நிதானம். "இதைப் பாரு. ஒருத்தி அணில்ல ஆரம்பிக்கிறா. இவன் வெயில்ல ஆரம்பிக்கிறான். இன்னொருத்தன் தம்பி மூக்கு மேல வெளிச்சம் விழுந்துச்சுன்னு அவனா சேர்த்திருக்கான். காப்பி அடிக்கிறவன் வார்த்தையைத் திருடுவான். இங்க வார்த்தை ஆளுக்கு ஒண்ணு. காட்சிதான் ஒண்ணு."

"அப்போ கனவுன்னு சொன்னவன் சொன்னது சரியா?"

"ஏறக்குறைய."

எல்லா விடைகளிலும் வந்த காட்சி இது. படகு நடு ஆற்றில் நின்றதும் தம்பி கண் விழிக்கிறான். 'அப்புறம்?' என்கிறான். விடிந்துவிட்டது. சின்ன ஜன்னல் ஒன்று. அதில் ஒரு கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து அடைத்திருக்கிறது. அட்டையின் ஓரம் மடங்கிய இடத்தில் வெயில் உள்ளே வருகிறது. விளிம்பில் ஓர் அணில். தம்பி சிரிக்கிறான். அவன் கேட்டுக்கொண்டே இருந்ததால் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள், எழுத்தாளர் ஆனாள்.

பட்டாசுக்கு அடுத்த பொறி தட்டியது. டீச்சரே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே. சொன்ன வேகத்தில் அவளே அதை அணைத்தாள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மொழி ஆசிரியைதான். டீச்சர் தப்பு என்றால் ஏ பிரிவும் அல்லவா தப்பாக எழுதியிருக்க வேண்டும்.

"கேள்வி நல்ல கேள்வி" என்றார் நிதானம். "பதிலை அப்புறம் தேடுவோம். முதல்ல அந்தப் பொண்ணைக் கூப்பிடு."

அவள் வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் நின்றாள். ஏன் இப்படி எழுதினாய் என்று நிதானம் கேட்கவில்லை. புத்தகத்தை எப்போது படித்தாய் என்று கேட்டார்.

"அப்புறமா."

"எதுக்கு அப்புறம்?"

 கிணற்றின் ஆழத்தில் என்னவோ அசைந்து அடங்கியது மட்டும் தெரிந்தது.

"யாராவது கேள்வித்தாளை முன்னாடியே காட்டினாங்களா?"

"இல்ல மேடம்."

"கூட இருக்கிறவங்க எல்லாரும் வேற மாதிரி எழுதப் போறாங்கன்னு தெரியுமா?"

அவள் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பிறகு, "அம்மாவைக் கூப்பிடாதீங்க மேடம்" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. ஆனால் அவளிடம் இருந்த ஒரே பதில் அதுதான் என்று நிதானத்துக்குத் தோன்றியது. பொய் சொல்கிறவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்கள். இவளுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணமே இல்லை. வேறு யாரையோ பின்னால் நிறுத்தி மறைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒருவரையா, இருவரையா?

அவளை அனுப்பிவிட்டு அவர்கள் பி பிரிவு வகுப்பறைக்குப் போனார்கள். மதிய இடைவேளையில் அறை காலியாக இருந்தது. பட்டாசு ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனிந்து துண்டுச் சீட்டு தேடினாள். மூன்றாம் வரிசையில் சுவரோரம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, பெஞ்சு உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பாகியிருந்தது. அந்த இடத்தில் நிதானம் உட்கார்ந்து பார்த்தார். எதிரே கரும்பலகை, ஆசிரியர் மேசை. வேறொன்றும் இல்லை. எழுந்து போய் ஆசிரியர் நிற்கும் இடத்தில் நின்றார். புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டார். தலையைத் தூக்கினார்.

அப்படியே சிறிது நேரம் நின்றார்.

"பட்டாசு, இங்க வா. நான் நிக்கிற இடத்துல நில்லு. என்ன தெரியுது?"

"பெஞ்சு தெரியுது. பின் சுவர் தெரியுது. சுவர்ல மேல ஒரு ஜன்னல்" என்று அடுக்கிக்கொண்டே வந்தவள் நின்றாள். அவள் வாழ்க்கையில் அபூர்வமாகவே நடக்கும் காரியம் அது. ஜன்னலில் நான்கு கண்ணாடிகள். ஒன்று உடைந்து, செருப்புப் பெட்டியின் அட்டையை வைத்து அடைத்திருந்தார்கள். அட்டையின் ஒரு மூலை மழையில் மடங்கியிருந்தது. அந்த மூலை வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"அணில் மட்டும்தான் பாக்கி" என்றாள் பட்டாசு, குரலைத் தாழ்த்தி.

ஆசிரியைக்கு ஆள் அனுப்பச் சொல்லி நிதானம் தலைமையாசிரியரிடம் போனார். அவர் தயங்கினார். ஆசிரியை வேறொரு தேர்வின் விடைத்தாள் திருத்தும் பணிக்காக வெளியூர் போயிருந்து முந்தைய நாள்தான் திரும்பியிருந்தார். எந்தக் கேள்வியில் சிக்கல் என்று ஆசிரியர்கள் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. வகுப்பில் ஏதோ காப்பி என்ற அளவுக்குத்தான் ஆசிரியைக்குத் தெரியும்.

நிதானம் வேறு இரண்டு கேள்விகள் கேட்டார். பி பிரிவுக்குக் கொடுத்த புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்றார். அலமாரியிலிருந்து வந்தது ஒரே ஓர் அடுக்கு. எல்லாவற்றிலும் ஏ பிரிவுப் பிள்ளைகளின் பெயர்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வருடம் புத்தகம் பாதிதான் வந்தது, ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னேன், டீச்சர் செய்துகொண்டிருப்பார்கள் என்றார்.

இரண்டாவது கேள்வி அந்தப் பெண்ணைப் பற்றியது. அவள் வீட்டில் என்ன?

"நிறைய லீவு போட்டிருக்கா. வீட்டுல ஏதோ."

"ஏதோன்னா?"

"தம்பி தவறிட்டான். சின்னப் பையன். ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில இருந்தானாம்." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்ததுபோல இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்பு, பி பிரிவுப் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பிவிட்டு அந்த வகுப்பறையில் கூடினார்கள். தலைமையாசிரியர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். ஆசிரியை தன் மேசையருகே நின்றார், மெலிந்த உருவம், கையில் ஒரு கைக்குட்டை. அந்தப் பெண் தன் இடத்தில், மூன்றாம் வரிசையில், சுவரோரம் இடம் விட்டு. பட்டாசு கதவைச் சாத்தினாள்.

நிதானம் குரலை உயர்த்தாமல் பேசினார். முதலில் பழியை அந்தப் பெண்மேலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். தப்பான விடையைப் பரப்பினவள் இவள் என்றால், அது வார்த்தையாகப் பரவியிருக்கும். வாயிலிருந்து காதுக்குப் போகப் போக மாறியிருக்கும், தேய்ந்திருக்கும். இங்கே ஒரு பிள்ளை விடாமல் எல்லோரிடமும் அட்டை அடைத்த ஜன்னல் இருக்கிறது, மடங்கிய மூலை இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே வாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

"எந்த இடம் வரைக்கும் அவங்க விடை புத்தகத்தோட ஒத்துப்போகுதுன்னு பார்த்தேன். படகு நடு ஆத்துல நிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கு. ஒரு பிசகு இல்ல. அது வலப்பக்கத்தோட கடைசி வரி. தாளைத் திருப்பின பிறகுதான் எல்லாம் மாறுது. மனசுக்குள்ள படிக்கிறவங்களுக்கு அந்த இடத்துல எதுவும் நடக்காது. சத்தமா வாசிச்சுக்கிட்டே திருப்புறவங்களுக்கு மட்டும்தான் அங்க ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கும்."

தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வந்தார். நிதானம் கையைச் சற்று உயர்த்தினார்.

"புத்தகத்துல இருக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது. அதனால ஜன்னலை யாரோ புதுசா வெச்சிருக்காங்க. யோசிக்க நேரம் இல்லாதவங்க. கண்ணுல பட்டதை எடுத்து வெச்சவங்க. இந்த ஜன்னல் பிள்ளைங்களுக்கு முதுகுப் பக்கம் இருக்கு. இங்க, இந்த மேசைகிட்ட நிக்கிறவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஏ பிரிவு பிள்ளைங்க கையில புத்தகம் இருந்துச்சு. பி பிரிவுக்கு டீச்சரோட குரல்தான் புத்தகம்."

ஆசிரியை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதுவரை, எந்தக் கேள்வி என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகத்தில் அது ஒவ்வொரு படியாக இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஐயோ" என்றார், மெதுவாக. "அதையா கேட்டாங்க."

பிறகு அவரே சொன்னார். பி பிரிவுக்குப் புத்தகம் இல்லாததால் வாரம் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது யாரும் எழுதக் கூடாது, பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். பிள்ளைகள் அப்படித்தான் கேட்டார்கள், ஒரு சொல் கீழே சிந்தாமல். அன்று காலை இந்தப் பெண்ணின் அம்மா வந்து, சின்னவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இவளைக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த அத்தியாயத்தை முன்பே படித்தவர்தான் ஆசிரியை. காலையில் ஏ பிரிவில் அதைத்தான் நடத்திவிட்டு வந்தார். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வாசித்துவிடலாம் என்று நினைத்தார்.

"தாளைத் திருப்பினேன். தலையைத் தூக்கினேன். இவ இப்படி முன்னாடி சாஞ்சு, வாயைத் திறந்து பார்த்துக்கிட்டிருக்கா. படகோட்டிக்கு என்ன ஆச்சுன்னு கேட்கலை அவ. அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சுன்னு என்கிட்ட கேட்கிறா. அந்த வரி என் வாயில வரலைங்க. ஜன்னல்ல அணில் ஒண்ணு ஓடிச்சு. அதைப் பார்த்துக்கிட்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"அப்புறமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே" என்றார் தலைமையாசிரியர். கோபமாகச் சொல்ல நினைத்தது அப்படி வரவில்லை.

"அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன் சார். அடுத்த வாரம் அவன் போயிட்டான். அதுக்கு அப்புறம் எந்த முகத்தோட சொல்றது?"

 பட்டாசு தன் துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அன்று முழுக்கத் திருடனைத் தேடியவளுக்கு, கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி வரவில்லை.

பிள்ளைகள் வாயடைத்துப் போனதன் காரணமும் இப்போது புரிந்தது. கையில் புத்தகம் வந்து பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தபோதுதான், டீச்சர் ஏன் மாற்றிச் சொன்னார் என்பது ஒவ்வொருவருக்காகத் தெரிந்திருக்கிறது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வரிசையில் சுவரோரத்து இடைவெளியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் கனவு என்று சொன்னவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

நிதானம் அந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்து நின்றார். இடைவெளியில் உட்காரவில்லை.

"எதுக்கு அப்புறம் படிச்சேன்னு நான் கேட்டப்போ நீ சொல்லலை. இப்போ சொல்றியா?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். பிறகு பேசினாள். தம்பி போய்க் காரியமெல்லாம் முடிந்த பிறகு பள்ளிக்கு வந்தவள், முதல் வேலையாக நூலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே படித்துக்கொண்டிருந்த ஏ பிரிவுப் பெண் ஒருத்தியிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"அவன் முழிச்சு 'அப்புறம்?'னு கேட்பான்ல, அந்த இடத்தை ஒருதடவை படிக்கணும்னு இருந்துச்சு மேடம். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவன்கிட்ட அந்தக் கதையைத்தான் சொன்னேன். அந்த அக்காவோட தம்பி பொழைச்சுக்கிட்டான்டான்னு சொன்னேன். அவனும் அணில் எங்கே போச்சுன்னு கேட்டான்." சற்று நிறுத்தினாள். "புத்தகத்துல தேடித் தேடிப் பார்த்தேன். அணிலே இல்ல."

ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டீச்சர் மேல கோபமா?" என்று பட்டாசு கேட்டாள். கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் அவள் பட்டாசு.

"இல்லக்கா. கதை சொன்ன அன்னிக்கு ராத்திரி அவன் நல்லாத் தூங்கினான்."

"அப்போ பரீட்சையில ஏன் எல்லாரையும் போல எழுதலை?" இது தலைமையாசிரியர். இந்த முறை அதிகாரியாகக் கேட்கவில்லை.

"எழுதணும்னுதான் நினைச்சேன் சார். கை நடந்ததைத்தான் எழுதுச்சு."

நிதானம் இரண்டு விடைத்தாள்களை எடுத்தார். ஒன்று, கனவு என்று சொன்ன கடைசி பெஞ்சுக்காரனுடையது. கேட்பதற்கு ஒருவன் இருந்ததால் அவர் எழுத்தாளர் ஆனார் என்று முடித்திருந்தான். இன்னொன்று அவளுடையது. கேட்பதற்கு ஒருவரும் இல்லாததால் அவர் எழுத்தாளர் ஆனார் என்று முடித்திருந்தாள். நிதானம் இரண்டையும் தலைமையாசிரியர் முன் அருகருகே வைத்தார். படித்தது புரிந்ததா என்று பார்ப்பதற்குத்தானே இந்தத் தேர்வு என்றார். முறைகேடு எதுவும் இல்லை, பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதுவேன், அந்தப் பெண்ணின் பெயர் அதில் எங்கும் வராது, அவள் அம்மாவுக்கும் ஆள் போகாது என்றார். டீச்சரைப் பற்றி, புத்தகம் வராத வகுப்பில் புத்தகமாக இருந்தவர் என்று மட்டும் எழுதுவதாகச் சொன்னார்.

அந்தப் பெண் அப்போதுதான் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

ஆனால் விதி என்று ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்வியை மட்டும் பி பிரிவு நாளை மறுபடி எழுத வேண்டும். அதற்கு முன் சரியான பகுதியை வகுப்பில் முழுவதுமாக வாசித்துக் காட்டிய பிறகுதான் எழுத வைக்க முடியும். வாசிப்பை இன்றே முடித்துவிடலாம் என்றார்.

பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். வியர்வையோடும் புழுதியோடும் வந்தவர்கள் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே பேனாக்களை மூடி வைத்தார்கள்.

ஆசிரியை புத்தகத்தை எடுத்தார், விரித்தார். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் வரிசைக்கு வந்து, "என்னால முடியலைம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நீதான் இதைப் படிச்சவ. நீ வாசிக்கிறியா?"

அவள் எழுந்து போய் டீச்சர் நிற்கும் இடத்தில் நின்றாள். அந்த இடத்திலிருந்து வகுப்பை அவள் பார்த்தது அதுவே முதல் தடவை. பின் சுவரில், உயரத்தில், அட்டை அடைத்த ஜன்னல் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். கிணற்றுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. காகிதக் கட்டுகள் அடுக்கிய அறை வந்தது. விளக்கு வந்தது. காய்ச்சல் வந்தது. படகோட்டி துடுப்பைப் போட்டான். தம்பி கேட்டான், அக்கா சொன்னாள், தம்பி கேட்டான்.

"'படகு நடு ஆற்றில் நின்றுவிட்டது என்றேன்.'"

வலப்பக்கம் முடிந்தது. அவள் விரல் தாளின் மூலைக்குப் போய் அங்கேயே நின்றது.  எல்லோரும் அவளை நோக்கிச் சற்று முன்னால் சாய்ந்திருந்தார்கள்.

"ம், திருப்பும்மா" என்றார் தலைமையாசிரியர், மென்மையாக.

அவள் மூலையிலிருந்து விரலை எடுத்தாள். புத்தகத்தை மூடி, டீச்சர் மேசையில் வைத்தாள்.

"இல்ல சார்" என்றாள். "இதுக்கு மேல நான் வாசிக்க மாட்டேன்."